நாணயக் கணக்கும் பன்னிரண்டு வயதும்

ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள் இருக்கின்றன. எல்லாமே 50 காசு, 20 காசு. ஹெலனிடம் 20 காசு நாணயங்கள் 64, ஐவனிடம் 104. யாரிடம் பணம் அதிகம், எவ்வளவு அதிகம்? 50 காசு நாணயம் ஒவ்வொன்றும் 20 காசைவிட 2.7 கிராம் கூடுதல் எடை. ஹெலனின் நாணயங்கள் மொத்தம் 1.134 கிலோகிராம் என்றால், ஐவனுடையவை எவ்வளவு?

2021ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் வந்த இந்தக் கணக்கைச் சிங்கப்பூர்ப் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. இருவரிடமும் 50 காசு எத்தனை என்று தேடப் போகும் பிள்ளை அங்கேயே சிக்கிக்கொள்ளும். அந்த எண்ணிக்கை தேவையே இல்லை. ஹெலன் கையில் 50 காசாக இருக்கும் 40 நாணயங்கள் ஐவன் கையில் 20 காசாக இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பது முறை 30 காசு, 12 வெள்ளி. நாற்பது முறை 2.7 கிராம், 108 கிராம். ஐவனின் நாணயங்கள் 1.026 கிலோகிராம்.

அழகான கணக்கு. வகுப்பறையில் ஓர் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை அரை மணி நேரம் மோதவிட்டால், அந்த வகுப்புக்கே கணிதத்தின் மேல் ஆசை வந்துவிடும். ஆனால் இது கேட்கப்பட்ட இடம் தேர்வுக்கூடம். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, எந்த உயர்நிலைப்பள்ளி என்பதை முடிவுசெய்யும் தாளில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கப்பட்டது. அந்தச் சில நிமிடங்களில் அந்தச் சூட்சுமம் யாருக்குக் கண்ணில் படும்? இயல்பிலேயே கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலருக்கு. மற்றபடி, இதே சாயலில் பத்துக் கணக்குகளை வேறெங்கோ போட்டுப் பழகிய பிள்ளைக்கு. அந்த ‘வேறெங்கோ’ எது என்பது ஊரறிந்த விஷயம்.

குடும்பச் செலவு ஆய்வின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023இல் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 1.8 பில்லியன் வெள்ளி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அது 1.4 பில்லியன். மொத்தத் தொகையைவிட அதன் உட்பிரிவுதான் நம்மை உறுத்துகிறது. வருமானத்தில் மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் மாதம் சராசரியாக 160 வெள்ளிக்கு மேல் செலவிடுகின்றன. கீழே இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களால் 40 வெள்ளிகூட முடிவதில்லை. பள்ளியில் கற்பிப்பதற்கும் தேர்வில் கேட்பதற்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தால், அதைப் பணம்தான் நிரப்பும். பணம் இல்லாத வீட்டில் அது இடைவெளியாகவே இருந்துவிடும்.

முன்பெல்லாம் பெற்றோர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தே அதை ஓரளவு நிரப்பினார்கள். இப்போது அதுவும் கைகொடுப்பதில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு வந்த தந்தைகூட, எக்ஸ் என்றும் ஒய் என்றும் எழுதித்தான் விடை காண்கிறார். பிள்ளையோ பள்ளியில் கட்டம் வரைந்து தீர்க்கும் ‘மாடல்’ முறையில் பழகியிருக்கிறது. அப்பாவின் விடை சரிதான், பிள்ளைக்கு அது புரிவதில்லை. அடுத்த வாரமே ஒரு துணைப்பாட நிலையத்தில் பெயர் பதிவாகிவிடுகிறது.

கல்வி அமைச்சு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளுக்குத் தேர்வுகள் நீக்கப்பட்டன. மதிப்பெண் அட்டையிலிருந்து வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது போயிற்று. 2023க்குள் அரையாண்டுத் தேர்வு எந்த வகுப்பிலும் இல்லாமல் போனது. எல்லாம் நல்ல மாற்றங்கள். ஆனால் படிக்கட்டுகளைத் தாழ்த்திவிட்டு, உச்சியை அதே உயரத்தில் விட்டால் கடைசி ஓர் அடி மலைபோல ஆகிவிடாதா? பள்ளியில் தேர்வு குறைந்ததும் தம் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர், அதைத் தெரிந்துகொள்ளவே துணைப்பாட நிலையத்தின் மாதிரித் தேர்வுக்குக் காசு கட்டுகிறார்கள்.

தேர்வு உண்மையிலேயே கடினமாகிக்கொண்டு போகிறதா, பெற்றோரின் பிரமையா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாப் புகாரும் நியாயமானதல்ல. எட்டு ஒரு வெள்ளி நாணயங்களின் எடை சுமார் எவ்வளவு என்று 2015இல் கேட்டபோதும் கூச்சல் எழுந்தது. 60 கிராம் என்ற விடையைத் தேர்ந்தெடுக்க எந்தப் பயிற்சி வகுப்பும் வேண்டாம், கையில் நாணயம் பிடித்துப் பார்த்த அனுபவம் போதும். அது நல்ல கேள்வி என்றே நாம் நினைக்கிறோம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஆண்டு யாரும் எதிர்பாராத கணக்கு, அடுத்த ஆண்டு பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கமாகிறது. அதற்கடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது அத்துப்படி. அப்போது தாள் தயாரிப்பவர் மேலும் ஒரு புதுச் சூட்சுமத்தைத் தேடியாக வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலே ஏறிக்கொண்டு போகிற உயரம் இது.

முன்பு இந்த ஓட்டத்துக்கு ஒரு காரணமாவது இருந்தது. டி-ஸ்கோர் முறை பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு நுணுக்கமாக வரிசைப்படுத்தியது. பிரித்தெடுக்கும் கேள்விகள் அதற்குத் தேவைப்பட்டன. 2021 முதல் அடைவுநிலை முறை வந்துவிட்டது. ஒரு பிள்ளையின் அடைவுநிலை மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்ததல்ல. அப்படியானால் முதல்நிலைப் பிள்ளையை இரண்டாம்நிலைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கும் கேள்வி இன்னமும் எதற்கு? அடைவுநிலையின் உச்சியில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு படி: 90உம் அதற்கு மேலும் முதல்நிலை, 85 முதல் இரண்டு, 80 முதல் மூன்று. 88 வாங்க வேண்டிய பிள்ளை ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றில் தடுமாறினால் 83. ஒரு நிலை இறங்கிவிடும். பாடங்களின் அடைவுநிலைகளைக் கூட்டி வரும் மொத்தப் புள்ளியில் அந்த ஒரு புள்ளியால் விரும்பிய பள்ளி கைநழுவலாம். புள்ளி சமமானால் குடியுரிமை, பிறகு விருப்ப வரிசை, அதற்கும் பிறகு கணினிக் குலுக்கல். நடுவில் நிற்கும் பிள்ளைக்கு நேரும் இழப்பு வேறு மாதிரி. அந்த ஒரு கணக்கில் பத்து நிமிடத்தைத் தொலைத்துவிட்டு, தெரிந்த கணக்கையும் தப்பாகப் போட்டுவிட்டு, ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற முடிவோடு அது வீடு திரும்புகிறது.

சிந்திக்க வைக்கும் கேள்விகளால்தான் நம் பிள்ளைகள் உலகில் முன்னிற்கிறார்கள் என்பார்கள். உண்மை. 2023 டிம்ஸ் அனைத்துலக ஆய்வில் தொடக்கநிலை 4 கணிதத்தில் சிங்கப்பூர் 615 புள்ளிகளோடு முதலிடம். ஆனால் அந்த ஆய்வில் எழுதிய பிள்ளைக்கு எந்தப் பள்ளியும் கைநழுவவில்லை. அச்சமில்லாத இடத்திலும் சிந்தனை வரும் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே நம் கோரிக்கை இது. இத்தகைய கணக்குகளை இறுதியாண்டுத் தேர்வுத் தாளிலிருந்து எடுத்து, வகுப்பறைக்குக் கொடுங்கள். அவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து பிரித்துப் பார்க்க ஆசிரியருக்குப் பாடவேளையில் நேரம் ஒதுக்குங்கள். ஒரு சாதாரண வகுப்பறையில் கவனமாகப் பாடம் கேட்டு, வீட்டுப்பாடம் செய்த பிள்ளை, வேறு எங்கும் காசு கொடுத்துக் கற்காமலே முதல்நிலை பெற முடிய வேண்டும். தாள் அப்படி அமைந்திருக்கிறதா என்று சரிபார்க்க, துணைப்பாடத்துக்கே போகாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் கேளுங்கள்.

அதோடு இன்னொன்று. இன்று முடிவுச் சீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் வருவது அடைவுநிலை மட்டுமே. விடைத்தாள் திரும்பி வருவதில்லை. பழைய வினாத்தாள்கள் கடையில் புத்தகமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் நூற்றில் எத்தனை பிள்ளைகள் சரியாக விடையெழுதினார்கள் என்பது அதில் இல்லை. சிங்கப்பூர்த் தேர்வுகள், மதிப்பீட்டுக் கழகம் நவம்பரில் முடிவுகளை வெளியிடும்போது அந்த எண்களையும் சேர்த்து வெளியிடட்டும். தேர்வு கடினமாகிறதா இல்லையா என்பதைத் தாய்மார்கள் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் கூடி ஊகிக்க வேண்டியிருக்காது; எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.