லூமன் கணக்கு கடலுக்குள் செல்லாது

வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து மார்ச் பிறந்துவிட்டால், ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு கிளம்பும் கார்களில் சில கோலா பெசூட்டை நோக்கியும் சில மெர்சிங்கை நோக்கியும் ஓடுகின்றன. பெர்ஹெந்தியான் தீவுகளிலோ தியோமான் தீவிலோ இரண்டு நாள் முக்குளித்துவிட்டு, ஞாயிறு இரவு களைத்து வீடு திரும்பும் இளைஞர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் பையில் இப்போது முகமூடியோடும் துடுப்போடும் ஒரு கேமரா இருக்கிறது. கேமராவுக்குத் துணையாக இணையத்தில் வாங்கிய ஒரு விளக்கும் இருக்கிறது. அதன் பெட்டியில் 20,000 என்றோ 30,000 என்றோ, விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவைச் சொல்லும் ஒரு லூமன் எண் கொட்டை எழுத்தில் மின்னும்.

அந்த எண்ணைப் பார்த்து விளக்கு வாங்கினால் பெரும்பாலும் பணம்தான் வீண். எப்படி அளந்தது என்று சொல்லாமலே அந்த எண்ணை அச்சிட்டு விற்கலாம் என்று விட்டுவைத்திருப்பது நம் மலேசியச் சந்தையின் குறை.

கடலுக்குள் விளக்கு எதற்கு? இருட்டுக்கு என்பது பாதி விடைதான். பட்டப்பகலில், தெளிந்த நீரில்கூட விளக்கு வேண்டியிருக்கிறது, காரணம் நிறம். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பில், தூய நீரின் ஒவ்வொரு மீட்டரும் ஏறத்தாழ 30 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. 5 மீட்டர் ஆழத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 10 மீட்டரில் நூற்றுக்கு மூன்றுதான். கருஞ்சிவப்புப் பவளம் அங்கே சாம்பல் பூத்த பழுப்பாகத் தெரிவது இதனால்தான். வீட்டுக்கு வந்து கணினியில் நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஓரளவுக்கே பலிக்கும். லென்ஸுக்கு வந்து சேராத ஒளியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இந்தச் சிக்கல் நூறாண்டுப் பழையது. 1926இல் அமெரிக்காவின் புளோரிடா கரையோரம் வில்லியம் லாங்லி என்ற மீனியல் அறிஞரும் சார்லஸ் மார்ட்டின் என்ற படப்பிடிப்பாளரும் கடலுக்கடியில் முதல் வண்ணப்படங்களை எடுத்தார்கள். ஒளிக்காக அவர்கள் நம்பியது மெக்னீசியப் பொடியை. அதை ஒரு மிதவையில் பரப்பி, படம் எடுக்கும் நொடியில் நீருக்கு மேலே வெடிக்க வைத்தார்கள். உயிரைப் பணயம் வைத்து எடுத்த அந்தப் படங்கள் 1927 ஜனவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்தன. இன்று உள்ளங்கையில் அடங்கும் எல்.இ.டி. விளக்கு அந்த ஆபத்தைத் துடைத்துவிட்டது. ஆனால் தண்ணீரின் குணம் மாறவில்லை.

இலங்கைத் தொடர்புள்ள குடும்பங்களுக்கு மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைத் தெரிந்திருக்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. 50 மீட்டருக்கும் கீழே, தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே எட்டக்கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அங்கே சூரியனின் சிவப்பு ஒரு துளிகூட இறங்காது. கப்பலின் மேல் படர்ந்திருக்கும் உயிர்களின் உண்மை நிறத்தை விளக்கு இல்லாமல் எவரும் கண்டதில்லை.

இனி அந்த லூமன் எண்ணுக்கு வருவோம். கைவிளக்குகளை அளக்க அமெரிக்காவில் 2009இல் எஃப்.எல்.1 என்ற தரநிலை வந்தது. விளக்கை ஏற்றி 30 நொடிக்கும் இரண்டு நிமிடத்துக்கும் இடையில் வெளிவரும் ஒளியைத்தான் லூமன் என்று அச்சிட வேண்டும் என்கிறது அது. பல மலிவு விளக்குகளின் பெட்டியில் இருக்கும் எண் இப்படி அளந்து வந்ததே அல்ல. உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லுகள் ஆய்வுக்கூடத்தில் தரக்கூடிய உச்ச அளவைக் கூட்டிப் போட்ட தொகை அது. கண்ணாடியிலும் மின்சுற்றிலும் சூட்டிலும் போகும் இழப்பு அதில் கழிபடவில்லை.

தரநிலையைப் பின்பற்றினாலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதன்படி, தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரிந்த நேரம் முழுவதும் ‘எரியும் நேரம்’ ஆகிவிடும். 60 நிமிடம் என்று போட்டிருக்கும் விளக்கு பத்தாவது நிமிடத்திலேயே பாதியாக மங்கியிருக்கலாம். சூடு ஏறினால் மின்சுற்று தானாகவே ஒளியைக் குறைத்துவிடும். வீடியோ எடுப்பவருக்கு இது பெரும் தொல்லை. ஒரே காட்சி நடுவில் கருத்துப்போகும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘முழு ஒளியில் எத்தனை நிமிடம் குறையாமல் நிற்கும்?’ என்பதுதான்.

லூமன் எண் உண்மையாகவே இருக்கட்டும், அப்போதும் கணக்கு வேறு. 120 டிகிரி விரியும் என்று விற்கப்படும் விளக்கின் முகப்புக் கண்ணாடி தட்டையாக இருந்தால், நீரில் ஒளி விலகி அந்த விரிவு ஏறத்தாழ 80 டிகிரியாகச் சுருங்கிவிடும். குமிழ் வடிவக் கண்ணாடி இருந்தால்தான் விரிவு பெரிதும் குறையாமல் நிற்கும். கோப்ரோ போன்ற அகலக் கோணக் கேமராவோடு குறுகிய ஒளியைச் சேர்த்தால் படத்தின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் இருட்டு. பாறை இடுக்கை எட்டிப் பார்க்கவும் தோழருக்குச் சைகை காட்டவும் குறுகிய ஒளி நல்லது. படத்துக்கு அது உதவாது.

10,000 லூமன் அந்த 80 டிகிரிக் கூம்பில் சீராகப் பரவினால் ஒரு மீட்டர் தள்ளி ஏறத்தாழ 7,000 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு) விழும். இரண்டு மீட்டரில் 1,700தான். நீர் உறிஞ்சுவது தனிக் கணக்கு. நடுப்பகல் வெயில் கடல்மட்டத்தில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு. அதில் சிறு பங்கே கீழே இறங்கினாலும் விளக்கு அதற்கு ஈடு கொடுக்க முடியாது. ஆழம் குறைந்த இடத்தில், பகலில், பெரிய பவளத்திட்டு முழுவதையும் விளக்கால் ஒளியூட்ட நினைப்பது வீண் செலவு. அங்கே சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, லென்ஸின் முன் சிவப்பு வடிகட்டியைப் போட்டு எடுப்பது மலிவு, படமும் நன்றாக வரும்.

விளக்கு தன் வேலையைச் செய்வது ஒரு மீட்டருக்குள்தான். ஒளி விளக்கிலிருந்து மீனுக்குப் போய், மீனிலிருந்து லென்ஸுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மீனுக்கு மொத்தப் பயணம் நான்கு மீட்டர். சிவப்பில் கால் பங்குதான் மிஞ்சும். அரை மீட்டரில் இருந்தால் எழுபது விழுக்காடு தப்பிப் பிழைக்கும். பணத்தைக் கொட்டி லூமனைக் கூட்டுவதைவிட, பொறுமையாக நெருங்கக் கற்றுக்கொள்வது மேல். கடல்நத்தை, இறால் போன்ற சிறு உயிர்களை எடுப்பவருக்கு 1,500, 2,000 உண்மையான லூமனே தாராளம்.

கிழக்குக் கரை நீரில் மிதக்கும் துகள்கள் அதிகமாகும் நாட்கள் உண்டு. மழைக்காலத்து நெடுஞ்சாலையில் ஹைபீம் போட்டவர் கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை விழுவது போலவே, கேமராவுக்குப் பக்கத்தில் மாட்டிய பெரிய விளக்கு படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகளைத் தெளித்துவிடும். ஒரே பெரிய விளக்கைவிட, நீண்ட கைகளில் இருபுறமும் விலக்கி மாட்டிய இரண்டு சிறிய விளக்குகள் சிறந்தவை என்பதற்கு இதுவே காரணம். அசையாப் படம் மட்டுமே எடுப்பவர், அந்தக் காசில் ஒரு ஸ்ட்ரோப், அதாவது நீருக்கடி ஃபிளாஷ், வாங்கலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் அது கொட்டும் ஒளி மீனின் அசைவை உறைய வைக்கும். தொடர்ந்து எரியும் விளக்கால் அது முடியாது.

நிறத்தை உள்ளபடி காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்ற எண் சொல்லும். 90க்கு மேல் வேண்டும். சிவப்புக்கான ஆர்9 மதிப்பையும் தருகிற நிறுவனம் என்றால் இன்னும் நல்லது. லூமனைப் பெரிதாகக் காட்டவேண்டி நீலம் கலந்த குளிர் வெள்ளை எல்.இ.டி.யைப் போடுகிறார்கள். தண்ணீரில் ஏற்கெனவே மிஞ்சிக் கிடப்பது நீலம்தான். அதையே மேலும் ஊற்றும் விளக்கு எதற்கு?

விளக்கோடு சிப்பாடான் தீவுக்குப் போகிறவர்கள் விமானத்தில் தாவாவுக்குப் போய், அங்கிருந்து சாலை வழியே செம்போர்னாவை அடைய வேண்டும். விமானத்தில் முக்குளிப்பு விளக்குக்குத் தனி விதியே உண்டு. சூடு உண்டாக்கும் பொருள்களுக்கு, அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. உதாரணமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே முக்குளிப்பு விளக்கையும் பற்றவைக்கும் கருவியையும்தான். விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். உபரி பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே போக வேண்டும். 100 வாட்-மணியைத் தாண்டினால் அதற்கும் அனுமதி கேட்க வேண்டும். பையின் நடுவில் பொத்தான் அழுந்தி விளக்கு தானாக எரிந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் போட்ட விதி அது. பேட்டரியைத் தனியே கழற்ற முடிகிற விளக்கை வாங்குவது இதற்காகவும் நல்லது.

விளக்கு வாங்குகிறவர் கடல் உயிர்களுக்காகவும் யோசிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு, கடல்குதிரை முதலிய அடித்தள மீன்களுக்கு ஃபிளாஷ் ஒளியைவிட முக்குளிப்பவர் கைபடுவதும் நகர்த்துவதுமே பெருந்தொல்லை என்று காட்டியது. படத்துக்காகக் குச்சியால் தட்டி மீனைத் திருப்புகிற பழக்கத்தை நிறுத்த இதைவிடச் சான்று வேண்டாம். அதே சமயம், நொடியில் முடியும் ஃபிளாஷைப் பற்றிய ஆய்வு, பல நிமிடம் கண்ணில் எரியும் வீடியோ விளக்குக்கு நற்சான்றிதழ் ஆகாது. சிப்பாடானுக்கு அருகே மாபுல், கபாலாய் பக்கம் அந்தி நேரத்தில் மாண்டரின் மீன்கள் இணைசேர வெளியே வரும்போது, வழிகாட்டிகள் சிவப்பு ஒளியைக் கேட்பது காரணத்தோடுதான். வெள்ளை ஒளி பட்டால் அவை பவள இடுக்குக்குள் போய்விடும். சிவப்பு நிலையும் ஒளியைப் படிப்படியாகக் குறைக்கும் வசதியும் இல்லாத விளக்கை எவரும் வாங்கக் கூடாது. ரெடாங்கின் சாகார் ஹூத்தாங் போல ஆமை முட்டையிடும் கரை இருக்கும் தீவுகளில், இரவில் மணலில் நடக்கும்போது அந்த விளக்கு அணைந்தே இருக்கட்டும். செயற்கை ஒளி குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும்.

வாங்கிய வாரத்திலேயே வீட்டில் சோதித்துவிடலாம். வாளித் தண்ணீரில் விளக்கை அமிழ்த்தி முழு ஒளியில் வைத்து, எத்தனையாவது நிமிடத்தில் மங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். இருட்டறையில் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தால் தோல் பச்சை தட்டுகிறதா என்பது தெரியும். ஒளியைக் குறைத்துவைத்துக் கைப்பேசியில் வீடியோ எடுத்தால், மலிவு மின்சுற்றின் மினுக்கல் கோடுகோடாக ஓடுவது திரையிலேயே தெரியும்.

அச்சிட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகவோ திசைதிருப்பும்படியோ சொல்வதைக் குற்றமாக்குகிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். ஆனால் ஒவ்வொரு வாங்குபவரும் தனித்தனியாகத் தீர்ப்பாயப் படியேறுவது தீர்வாகாது. உள்நாட்டு வாணிப அமைச்சு, இந்நாட்டில் விற்கும் முக்குளிப்பு விளக்குகளின் பெட்டியில் நான்கு விவரங்களைக் கட்டாயமாக்க வேண்டும்: தரநிலைப்படி அளந்த லூமன், அது குறையாமல் நிற்கும் நிமிடங்கள், நீருக்குள் விரியும் கோணம், சி.ஆர்.ஐ. மதிப்பு. இணைய அங்காடிகளில் இந்த நான்கும் இல்லாத விளம்பரத்தை ஏற்றவே விடக் கூடாது. கோலாலம்பூரில் நடக்கும் முக்குளிப்புக் கண்காட்சியில் கடை விரிக்கும் நிறுவனங்கள் சட்டம் வரும் வரை காத்திருக்காமல், அடுத்த கண்காட்சியிலேயே ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, வாங்க வருபவர் முன்னால் விளக்கை ஏற்றிக் காட்டத் தொடங்கலாம்.