ஒரே ஃபைலுக்கு இரண்டு பட்டா: லினக்ஸ் அப்டேட் பாதியில் நிற்பது ஏன்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசில்லாதவர்கள் உபுண்டு, மின்ட், டெபியன் என்று லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்திலேயே விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் வந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது அது. கடைசி வரை அதைத் திறந்தே பார்க்காத மாணவர்களும் உண்டு என்பது வேறு கதை.

லினக்ஸ் போடுவது இன்று அரை மணி நேர வேலை. தலைவலி வருவது பிறகு, அப்டேட் கொடுக்கும்போது. இரணியலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர், மழைக்குக் கரண்ட் போவதற்குள் முடித்துவிடலாம் என்று ராத்திரி அப்டேட் கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். பேக்கேஜ்கள் எல்லாம் இறங்கிவிட்டன. நிறுவும்போது ஒரு வரி வருகிறது: 'இந்த ஃபைலின் மேல் எழுத முயல்கிறது, ஆனால் இது இன்னொரு பேக்கேஜிலும் இருக்கிறது.' அத்தோடு வேலை நின்றுபோகிறது.

என்னதான் நடக்குது?

டெபியன், உபுண்டு, பாஸ் மூன்றிலும் அடியில் வேலை செய்வது 'டிபிகேஜி' என்ற கருவி. எந்த ஃபைல் எந்த பேக்கேஜுக்குச் சொந்தம் என்று அது ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, விஏஓ ஆபீஸ் கணக்கு மாதிரி. ஒரு ஃபைலுக்கு ஒரு சொந்தக்காரர்தான். புதிதாக வரும் பேக்கேஜ் அதே இடத்தில் தன் ஃபைலை வைக்கப் பார்த்தால், கருவி மறுத்துவிடும். திட்டத் தோன்றும், ஆனால் அது செய்வது சரிதான். அனுமதித்திருந்தால் முதல் புரோகிராம் சத்தமில்லாமல் உடைந்திருக்கும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் கலப்படம். உபுண்டுவில் வெளியாரின் 'பிபிஏ', பாஸில் நேரடி டெபியன் களஞ்சியம் என்று அவசரத்துக்குச் சேர்த்தவை பின்னால் மோதும். சில நேரம் தயாரிப்பவர்களே காரணம். ஒரு ஃபைலை ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். 'பழையவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று புதிய பேக்கேஜில் எழுத மறந்துவிடுவார்கள். 2025 ஜூனில் ஆர்ச் லினக்ஸ், ஹார்டுவேருக்கான ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பல துண்டுகளாகப் பிரித்தது. என்விடியா ஃபோல்டர்களின் அமைப்பும் கூடவே மாறியதால் அப்டேட் மோதி நின்றது. பழைய பேக்கேஜை முதலில் நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள் என்று ஆர்ச் தரப்பே அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஆர்ச்சின் 'பேக்மேன்' மோதலை முன்கூட்டியே சோதித்துவிடும். ஒரு ஃபைலைக்கூடத் தொடுவதற்கு முன்பே நிற்கும். டிபிகேஜி பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டே போகிறது. அதனால் நின்றால் நடுவழியில்தான்.

சண்டையே வராத ஆபத்து

இதைவிட மோசமானது, மோதல் இருந்தும் கருவிக்குத் தெரியாமல் போவது. குமரி மாவட்டத்துப் பத்திரங்களில் பழைய சர்வே எண், ரீசர்வே எண் என்று ஒரே நிலத்துக்கு இரண்டு எண் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாத ஒருவர் பதிவேட்டைப் பார்த்தால் என்ன ஆகும்? டெபியனில் நடந்தது அதுதான். 'பின்' என்ற பழைய ஃபோல்டர், 'யுஎஸ்ஆர்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'பின்'னுடன் இணைக்கப்பட்டது. இரண்டு முகவரி, ஒரே இடம். ஆனால் டிபிகேஜி கணக்கில் அவை வெவ்வேறு. ஒரு ஃபைல் பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கும், அதே நேரத்தில் வேறு பேக்கேஜுக்கும் மாறினால், பழைய பேக்கேஜின் மிச்சத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று புதிய ஃபைலையே அது அழித்துவிடக்கூடும். எந்த எச்சரிக்கையும் வராது. இதற்குப் பயந்துதான் டெபியன் 12 தயாரான காலத்தில் அப்படி ஃபைல்களை நகர்த்த அதன் தொழில்நுட்பக் குழு தடை போட்டது. பிறகு பேக்கேஜ் பேக்கேஜாகச் சோதித்து மாற்றினார்கள். டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9 அன்று.

'ஒய்' அழுத்தலாமா?

இன்னொரு வகை மோதல் செட்டிங்ஸ் ஃபைலில் வரும். நீங்கள் கைவைத்து மாற்றிய ஃபைலுக்குப் புதிய பதிப்பும் வந்திருக்கிறது. எது வேண்டும் என்று டிபிகேஜி கேட்கும். எதுவும் சொல்லாமல் என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும். 'ஒய்' என்றால் புதியது, 'டி' என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். பலரும் தொடாத எழுத்து இந்த 'டி'தான். உண்மையில் முதலில் அழுத்த வேண்டியதும் அதுதான்.

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் செட்டிங்ஸில் இந்தக் கேள்வி வரும்போது, யோசிக்காமல் புதியதை ஏற்றால் நீங்கள் மாற்றி வைத்த போர்ட் எண் போய்விடும். ஃபயர்வால் அந்த எண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தால், அடுத்த முறை உள்ளே போக முடியாது. சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும், நீங்கள் இரணியலில்.

அதற்காக அப்டேட்டையே தள்ளிப்போடுவது தீர்வாகாது. 2024 ஜூலை 1 அன்று ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் கடுமையான ஓட்டை ஒன்று வெளியே வந்தது. அதை அடைக்க அப்டேட் தேவை. முந்தைய மோதலில் சிக்கிப் பாதியில் நிற்கும் மெஷினோ, அதைச் சரிசெய்யும்வரை வேறு பேக்கேஜ்களைச் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளாது.

மாட்டிக்கொண்டால்?

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில், கட்டாயப்படுத்தி மேலே எழுது என்பது. சில நேரம் அதுவே சரி. ஆனால் கடைசியில் செய்ய வேண்டியது. முதலில் அந்த ஃபைல் யாருடையது என்று பதிவேட்டிடமே கேளுங்கள். டிபிகேஜி கட்டளையோடு பெரிய 'எஸ்' சேர்த்து ஃபைல் முகவரியைக் கொடுத்தால் சொந்தக்காரர் பெயர் வந்துவிடும். எப்போதோ போட்டு மறந்த வெளியார் பேக்கேஜ் என்றால் அதை நீக்கிவிட்டு, 'ஏபிடி'யின் உடைந்ததைச் சரிசெய்யும் வசதியை ஓடவிடலாம். யாருக்கும் சொந்தமில்லை என்று வந்தால், நீங்களோ ஏதோ ஒரு ஸ்கிரிப்டோ கையால் வைத்த ஃபைல். ஆர்ச்சில் இதுவும் அப்டேட்டை நிறுத்தும். அழிக்காமல் பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு பேக்கேஜும் முறையான களஞ்சியத்திலிருந்தே வந்தவை என்றால் தவறு உங்களுடையது அல்ல, அது பக். புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

செட்டிங்ஸில் தவறாக 'ஒய்' கொடுத்துவிட்டாலும் பழையது போய்விடாது. அதே ஃபோல்டரில் 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற வால் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஃபெடோராவில் அந்த வால் 'ஆர்பிஎம்சேவ்'.