மலை சுற்றுகிறவர்களிடம் ஊரும் பேசட்டும்

அன்புள்ள திருவண்ணாமலை ஊராருக்கு,

தேரடி வீதிப் பக்கம் வளர்ந்தவன் நான். இப்போது ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் குடியிருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

இங்கே சிற்றூர்களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இயர்போனை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், நிற்கிற இடத்தின் கதை கைப்பேசியில் கேட்கும். சொல்பவர் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர். 1850-களில் தங்கத்துக்காக ஜனம் குவிந்து, பிறகு அடங்கிப்போன ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. பீச்வொர்த் இடுகாட்டில், தங்கம் தோண்ட வந்த சீனர்கள் இறந்தவர்களுக்காகக் காகிதம் எரித்த கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. சொல்ல ஆளில்லாவிட்டால் அவை வெறும் செங்கல்தான்.

நம் ஊரில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டரை ஜனம் வெறுங்காலோடு நடக்கிறது. வழியிலுள்ள எட்டு லிங்கங்களின் பலனைச் சொல்லப் புத்தகங்கள் உண்டு. 1896-இல் ரமணர் வந்ததும், விருபாட்ச குகையில் இருந்ததும் உலகத்துக்கே தெரியும். ஊர்க்காரர்களின் கதைதான் அவ்வளவாகப் பதிவாகவில்லை. இங்கே கேட்பதுபோல, மலை சுற்றும் பாதையிலும் அந்தக் கதைகள் கைப்பேசியில் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அது மொட்டைப் பாறையாகக் கிடந்தது. 1980-களின் கடைசியில், ரமணாசிரமத்தை ஒட்டி வாழ்ந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி தன் நாட்டு மழைக்காடு ஆர்வலர் ஜான் சீடுக்கு எழுதிய கடிதத்திலிருந்து மரம் நடும் வேலை வளர்ந்தது. கோயில் மதில்களுக்கு நடுவே தரிசாகக் கிடந்த இடம் நாற்றுப்பண்ணை ஆனது. கன்றைச் சுமந்து ஏறியவர்கள், கோடையில் காட்டுத்தீயை அடித்து அணைத்தவர்கள் நம் ஊர்க் கூலிக்காரர்கள். அவர்களில் பலருக்கு இப்போது வயதாகியிருக்கும். அந்தக் குரல்களை நாம் இழந்துவிடக் கூடாது.

கார்த்திகை தீபக் கொப்பரையை மலை உச்சிக்குத் தோளில் சுமந்து போகிறார்களே, அவர்களைப் பேச வையுங்கள். எந்த இடத்தில் தோள் மாற்றுகிறார்கள், காற்று சுழன்றடித்தால் திரியை எப்படிக் காக்கிறார்கள்? பரம்பரையாகத் தீபம் ஏற்றும் பர்வதராஜ குலத்தார் வீட்டில் இதைச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். கேட்கத்தான் யாரும் போவதில்லை.

பவா செல்லதுரை கதை சொன்னால் விடிய விடியக் கேட்கிற ஊர் இது. கதைக்குப் பஞ்சமில்லை. பதிவு செய்யக் கைப்பேசி போதும். ஓர் இடத்துக்கு மூன்று நிமிடம், நம் பேச்சு வழக்கிலேயே. வேலூர் ரோடு, செங்கம் ரோடு பக்கத்துப் பேச்சை மேடைத் தமிழாகத் திருத்திவிடாதீர்கள். பௌர்ணமியன்று இதைக் கேட்டபடி நடக்க முடியாது. மைக்செட் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. மற்ற நாட்களில் விடியற்காலையில் சுற்றுகிறவர்களுக்கு ஏற்றது. ஆட்டோவும் பஸ்ஸும் போகிற பாதை என்பதால் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

பதிவை எங்கே தொடங்குவது என்று கேட்டால், பள்ளிகொண்டாப்பட்டில் என்பேன். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு மகனாக நின்று அண்ணாமலையார் மாசி மகத்தன்று அங்கே வந்து திதி கொடுக்கிறார். ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் 14-ஆம் நூற்றாண்டில் நம் ஊரைத் தலைநகராக வைத்து ஆண்டவர். சாமியே ஒரு மனிதனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளையாகிறார்! அந்த ஊர்ப் பாட்டிமார் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குக் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் முன்வந்தால், பதிவுகளை வெட்டி ஒட்டித் தரும் வேலையை நான் இங்கிருந்தே செய்கிறேன். மைக் வாங்கும் செலவும் என்னுடையது. வருகிற மாசி மகத்துக்கு முன்பே பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை