கெட்டுப் போகட்டும், கொடுங்கள்!

"பையன் என்ன படிக்கிறான்?"

"சமையல் படிக்கிறான்."

இதைச் சொல்லும்போது சில தந்தைமார் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஏன் தாழ்த்த வேண்டும்? சமையலுக்கும் உலகப் போட்டி இருக்கிறது!

"வேர்ல்டு ஸ்கில்ஸ்" என்பது அதன் பெயர். 1950-ல் ஸ்பெயின் நாட்டில் தொடங்கிய தொழில் திறன் போட்டி அது. கொத்தனார், தச்சர், வெல்டர் வரிசையில் சமையல்காரருக்கும் அங்கே இடம் உண்டு. 2024-ல் பிரான்சில் உள்ள லியோன் நகரில் போட்டி நடந்தது. இந்தியாவுக்கு 4 வெண்கலப் பதக்கங்கள் கிடைத்தன. அதில் ஒன்று கேக், இனிப்பு வகைகள் செய்யும் பிரிவில்!

அங்கே ருசி மட்டும் போதாது. மேசை சுத்தமா, பொருள் வீணானதா, குறித்த நேரத்தில் தட்டு வந்ததா என்றும் பார்ப்பார்கள். (நம் வீட்டுப் பாட்டிமார் பார்ப்பதைத்தான்!)

பெரும்பாலான பிரிவுகளில் 22 வயதைத் தாண்டியவர்கள் கலந்துகொள்ள முடியாது. ஆகவே, 17, 18 வயதிலேயே கை பழக வேண்டும். ஆசிரியர் செய்து காட்ட, இருபது பேர் சுற்றி நின்று பார்த்தால் கை பழகுமா?

சாக்லெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு சாக்லெட்டை 45 டிகிரி வரை உருக்க வேண்டும். பிறகு 28-க்கு இறக்கி, மறுபடி 31-க்கு ஏற்ற வேண்டும். சூடு தவறினால் பளபளப்பு போய், வெள்ளை பூத்துவிடும். பலமுறை கெடுத்தால்தான் அந்தப் பக்குவம் பிடிபடும்.

வசதியான வீட்டுப் பிள்ளை பொருள் வாங்கிப் பழகும். கூலிக்காரர் மகள் என்ன செய்வாள்? பயிற்சிக்கான வெண்ணெய், சாக்லெட், இறைச்சிச் செலவை அரசும், பெரிய ஓட்டல்காரர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் வாரம் ஒரு கிலோ கெடுத்தால்தான் என்ன?