பத்து விரலும் ஒரு பேரும்

நகைக்கடன் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர்க்கதை பூராவும் தெரியும். ஆடியில் விதைப்புக்கு வருவார்கள், ஆனியில் பள்ளிக்கூட ஃபீசுக்கு வருவார்கள், எந்த மாசமானாலும் ஏஜெண்டுக்கு வருவார்கள். போன மாதம் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், அண்ணியிடம் மிச்சமிருந்த நாலரைப் பவுனைத் துணியில் முடிந்து கொண்டுவந்து நீட்டினார். எதுக்குண்ணே என்று கேட்டேன். படிவத்தில் காரணம் எழுதியாக வேண்டும். "வீட்டுச் செலவுன்னு போடு தம்பி" என்றார். எழுதினேன். அது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் திரும்பவும் சவுதிக்குப் போகப் பார்க்கிறார். அவர் போக முடியாது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

தோழர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கூட்டங்களில் பேசப்படாத விஷயம் இது. பஞ்சமி நிலம் பேசுகிறோம், இரட்டைக் குவளை பேசுகிறோம், இடஒதுக்கீடு பேசுகிறோம். விசா முடிந்த ஆள் நம் பேச்சில் வருவதே இல்லை.

அண்ணன் 2009-இல் போனவர். எட்டாவது வரை படிப்பு. ஏஜெண்ட் கொடுத்தது 'ஃப்ரீ விசா'. ஃப்ரீ என்ற சொல்லைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஒரு கஃபீல் பேரில் விசா, வேலை வேறெங்கோ. சம்பாதித்ததில் அந்தக் கஃபீலுக்குப் பங்கு கட்ட வேண்டும். தங்குவதற்கான அட்டை இக்காமா. அதைப் புதுப்பிப்பது கஃபீல் கையில், தொழிலாளி கையில் இல்லை. பாஸ்போர்ட்டும் கஃபீலிடம்தான் இருந்தது. முதலாளி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது, நம்மூரில் தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் இருப்பதுபோல.

இதில் சின்னதாக ஒரு கண்ணி. இக்காமாவில் போட்டிருந்தது ஹிஜ்ரி தேதி. சந்திரக் கணக்கு. வருஷத்துக்கு 354 நாள், சில வருஷம் 355. அண்ணன் சுவரில் மாட்டியிருந்த இங்கிலீஷ் காலண்டரை வைத்து நாள் எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷக் கணக்கில் இருபத்தொரு நாள், இருபத்திரண்டு நாள் வித்தியாசம் வந்துவிடும். இன்னும் நாள் இருக்கிறது என்று அவர் கஃபீலைத் தேடிப் போன அன்றைக்கு, அட்டை செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புதுப்பிக்கக் கேட்ட பணம் அவரிடம் இல்லை. பணம் இல்லையென்றதும் அந்தக் கஃபீல் 'ஹுரூப்' எழுதிக் கொடுத்துவிட்டான். ஹுரூப் என்றால் ஓடிப்போனவன். முதலாளி தரும் ஒரு புகார் போதும், நின்ற இடத்தில் நின்றுகொண்டே நீங்கள் ஓடிப்போனவர் ஆகிவிடலாம். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பரம்பரைக்கு இந்தச் சொல்லை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பண்ணையை விட்டு ஓடினவனைப் பிடித்துவந்து கட்டிவைத்து அடித்த கதையை நம் தாத்தன்களே சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஒளிந்து ஒளிந்து கட்டட வேலை. அம்மா செத்ததுக்குக்கூட வர முடியவில்லை. 2013-இல் சவுதி அரசு பொது மன்னிப்பு அறிவித்தது. ஏப்ரலில் தொடங்கி, கெடு நீண்டு நவம்பர் 3 வரை போனது. அறிவிப்பு அண்ணன் காதுக்கு வந்தபோது, "அதெல்லாம் பிடிக்கிறதுக்கு வலை, போகாதே" என்று கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். போகவில்லை. நவம்பர் 4-இலிருந்து தேடுதல் வேட்டை. பிடிபட்டார். தர்ஹீலில் அடைத்தார்கள், பத்து விரலையும் உருட்டி ரேகை எடுத்தார்கள், ஏற்றி அனுப்பினார்கள்.

எங்கள் தெருவிலேயே இன்னொருவர் இருக்கிறார். அவரும் அதே ஃப்ரீ விசா, அதே செத்துப்போன இக்காமா. இன்னும் சொல்லப்போனால் அண்ணனைவிட அதிக காலம் ஒளிந்திருந்தவர். 2017 மார்ச் 29 முதல் 90 நாள் என்று இன்னொரு மன்னிப்பு வந்தது. தூதரகத்தில் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு தானாகக் கிளம்பிவிட்டார். அந்த மன்னிப்பில் வெளியேறியவர்களுக்கு 'நாடுகடத்தப்பட்டவர்' என்ற ரேகைப் பதிவு கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். அவர் முறையான விசாவில் திரும்பப் போய்விட்டார். இப்போது தமாமில் இருக்கிறார். அண்ணனும் 2016-இல் கடன் வாங்கிப் போனார். ரியாத் விமான நிலையத்தில் விரல் வைத்தார். அடுத்த விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தார். தர்ஹீல் வழியாக வெளியேற்றப்பட்டவன் ஹஜ்ஜுக்கு வரலாம், உம்ராவுக்கு வரலாம், வேலைக்கு வர முடியாது. அண்ணன் முஸ்லிமும் இல்லை.

செய்த 'குற்றம்' ஒன்றுதான், ஆனால் ஒருவருக்குக் கதவு திறந்தது, ஒருவருக்கு மூடிவிட்டது. இடையில் இருந்தது ஒரு துண்டுத் தகவல். அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. என் கோபம் அரபு நாட்டு அரசின் மேல் மட்டும் இல்லை, நம் மேலும்தான். எதற்கெல்லாமோ சுவரொட்டி அடிக்கிறோம். ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் 1-இலிருந்து டிசம்பர் 31 வரை மன்னிப்புக் கொடுத்தது. அபராதம் கிடையாது, திரும்பி வரத் தடையும் கிடையாது. இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் ஏறிக்கொண்டே போகும். இந்தச் செய்தியை நம் சேரிகளில் எத்தனை பேர் அச்சடித்துக் கொடுத்தோம்? நான் கொடுக்கவில்லை. கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

இதைப் பேசினால் நம் தோழர்களிலேயே சிலருக்கு முகம் சுளிக்கிறது. "மறுபடி அந்த அடிமை வேலைக்கா? இங்கே நின்னு போராடணும்" என்கிறார்கள். மாசச் சம்பளம் வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். அண்ணனிடம் ஒருநாள் நானே இதைச் சொல்லிப் பார்த்தேன். "அங்க என்னை இந்தியன்னு திட்டுனான், ஹிந்தின்னு திட்டுனான். எந்தத் தெருன்னு கேக்கல தம்பி" என்றார். அங்கேயும் நம்மவர்கள் தங்கும் அறைகளில் தெரு விசாரிக்கிறவர்கள் உண்டு, அதுவும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வித்தியாசத்துக்காக அவர் மறுபடியும் வெயிலில் சாகத் தயார்.

கொடியன்குளத்தை மறந்துவிட்டோமா? 1995 ஆகஸ்ட் 31. போலீஸ் படை ஊருக்குள் புகுந்து எதை உடைத்தது? டிவி, மின்விசிறி, டேப் ரிக்கார்டர். வளைகுடாப் பணத்தில் வந்த பொருள்கள். படித்த பையன்களின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் கொளுத்தினார்கள் என்று அன்றைக்கு ஊருக்குப் போய்வந்தவர்கள் எழுதினார்கள். பாஸ்போர்ட்டை ஏன் கொளுத்த வேண்டும்? நாம் விட்டுவிட்டுப் போவது அவனுக்கு ஒன்றும் பெரிதில்லை. போய்விட்டுத் திரும்பி வந்து மாடி கட்டுவதுதான் கண்ணை உறுத்துகிறது. அவன் புரிந்துகொண்ட அளவுக்கு நாம் புரிந்துகொள்ளவில்லை.

இந்திய அரசின் பார்வையைப் பாருங்கள். 1983 குடியேற்றச் சட்டத்தின்படி, பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை. வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அவனுக்குத் தனி அனுமதி வேண்டும். அவனைப் பாதுகாக்கவாம். 2018 ஜனவரியில் ஒருபடி மேலே போய், இ.சி.ஆர். ஆட்களுக்கு ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் அதே மாதக் கடைசியில் வாபஸ். பத்தாவது தேறாதவன் எந்தத் தெருவில் அதிகம் என்பது அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தெரியாதா? கழுத்தில் கலயம் கட்டின காலம் போய் கையில் கலர் அட்டை.

அமெரிக்காவிலும் இதேபோல் தங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1996-இல் வந்த சட்டம்: 180 நாளுக்கு மேல் அனுமதியில்லாமல் இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருஷம் நுழைய முடியாது, ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருஷம். அக்ரகாரத்துப் பையன் அதில் மாட்டினால் வக்கீல் வைக்கிறான், விலக்கு மனு போடுகிறான், வீட்டில் "ஸ்டேட்டஸ் பிரச்சினை" என்று மெதுவாகப் பேசுகிறார்கள். நம்ம ஆள் மாட்டினால் 'கள்ளத்தனமா தங்குனவன்'.

இப்போது ஏஜெண்ட் அண்ணனிடம் சொல்லியிருக்கும் வழி இதுதான். பேரை மாற்று, அப்பா பேரை மாற்று, பிறந்த தேதியை மாற்று, புது பாஸ்போர்ட் எடு. பாஸ்போர்ட் சட்டம் 12-ஆம் பிரிவில் பொய்த் தகவலுக்கு இரண்டு வருஷம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். அதைச் சொன்னேன். பேரை மாற்றலாம் அண்ணே, விரலை எப்படி மாற்றுவாய் என்றும் கேட்டேன். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தலைப்பில் அண்ணல் எழுதிவைத்திருக்கும் நினைவுக் குறிப்புகளில் பரோடா கதை வரும். ஐந்து வருஷ வெளிநாட்டு வாழ்க்கையில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே அற்றுப்போய்த் திரும்பி வந்தவர். தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். விடுதிப் பதிவேட்டில் எழுதிய பேர் அவரைக் காப்பாற்றவில்லை. இதையும் அண்ணனுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அவரு என்ன பண்ணாரு அப்பறம்?" என்றார். வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

மதிப்பீட்டாளர் நகையை உரசிப் பார்த்து எடை சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். போடாவிட்டால் நாலு கடை தள்ளி அடகுக்கடையில் இரட்டை வட்டிக்கு வைத்திருப்பார், இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டவர் கிளம்பவில்லை. கவுண்ட்டரில் சாய்ந்துகொண்டு, "நீ கவிதை எழுதுறவன்தானே, நல்ல பேரா ஒண்ணு சொல்லு தம்பி" என்றார். அவருடைய அப்பா முனுசாமி என்று சொல்லி அனுப்பிய பேரைக் கணக்குப்பிள்ளை முனியன் என்றுதான் எழுதினார், கடைசிவரைக்கும் ஆவணங்களில் அப்படித்தான் இருந்தது. அது எனக்கு ஞாபகம் வந்தது, அவருக்கும் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்கண்ணே, அதுவரைக்கும் பணத்தைக் கொடுத்துடாதீங்க என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.