பாசத்தை மில்லியில் அளப்பவர்களுக்கு

"ஏட்டி, பிள்ள மேல மனசு இருந்தா பாலு தானா ஊறும்."

போன வாரம் தூத்துக்குடியிலேர்ந்து பெரியம்மா போன்ல சொன்னது. பெரியம்மா நல்லவங்க, நாலு பிள்ளை வளர்த்தவங்க. ஆனா அன்னிக்கு போனை வச்சதும் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அழுது முடிச்சதும் கோவம் வந்துச்சு. அந்தக் கோவத்துல எழுதுறதுதான் இது. ஆண்கள் யாரும் "இது நமக்கில்ல"ன்னு தாவிப் போக வேண்டாம். பாதி உங்களுக்குத்தான்.

புனே வந்து ஏழு வருஷம். ஹிஞ்சவடியில சாப்ட்வேர் வேலை. வீட்டை விட்டுக் கிளம்பி திரும்பி வர்றதுக்குள்ள பதினோரு மணி நேரம் ஆயிடும், மழைக்காலம்னா இன்னும் கூட. என் பொண்ணுக்கு இப்ப ஏழு மாசம். எனக்குப் பால் பத்தலை. இதை இங்க எழுதவே மூணு நாள் ஆச்சு, ஏதோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2017-இல் சட்டத்தைத் திருத்தி, முதல் ரெண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு ஆக்கினாங்க. 26 வாரம்னா ஆறு மாசம், சரியாத்தானே இருக்குன்னு தோணும். ஆனா பிரசவத்துக்கு முன்னாடி எடுக்குற லீவும் இதுலயேதான் கழியும். எனக்கு பி.பி. ஏறிடுச்சுன்னு டாக்டர் ஆறு வாரம் முன்னாடியே வீட்ல உக்கார வச்சுட்டார். மீதி 20 வாரம். பிள்ளைக்கு நாலரை மாசம் ஆகும்போது நான் ஆபீஸ்ல இருந்தேன். ஆறு மாசம் முழுசாக் கிடைக்கணும்னா ஆபீஸ் நாற்காலியிலேர்ந்து நேரா பிரசவ வார்டுக்குப் போகணும்.

ஆபீஸ்ல பம்ப் பண்ண ஒரு அறை கேட்டேன். பழைய மானிட்டரும் உடைஞ்ச நாற்காலியும் அடுக்கி வச்ச அறையைக் காட்டினாங்க. தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்கு முட்டுக் கொடுத்து ஒரு நாற்காலி, அதுல நான், மடியில பம்ப், காதெல்லாம் வெளியில. யாராவது கதவைத் தட்டினா அவ்வளவுதான், சொட்டு நின்னுடும்.

இதுல மாயம் எதுவும் இல்ல. பிள்ளை சப்பச் சப்ப ப்ரோலாக்டின் சுரந்து பால் உற்பத்தியாகுது. ஆக்ஸிடோசின் அதை வெளியில தள்ளுது. பயமும் பதட்டமும் இருந்தா இந்த ரெண்டாவது வேலை தடைபடும். மார்பு காலியானா உடம்பு மறுபடி நிரப்பும். நிறைஞ்சே கிடந்தா, தேவை இல்லைன்னு உற்பத்தியைக் குறைச்சுக்கும். ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல நேரம் கிடைக்காம நாலு நாள் போனா அஞ்சாவது நாள் குறையத்தான் செய்யும். தைராய்டு, பி.சி.ஓ.எஸ்., பிரசவத்துல ரொம்ப ரத்தம் போறது, ஏற்கனவே மார்புல ஆபரேஷன் ஆகியிருக்கறது, இப்படி வேற காரணங்களும் உண்டு. இந்தப் பட்டியல்ல எங்கயாவது "பாசம்"னு ஒரு ஹார்மோன் இருக்கா?

முதல் வாரம் ஒரு வேளைக்கு 90 மில்லி வந்துச்சு. அப்புறம் 60. அப்புறம் 30. பத்தாவது பரீட்சை மார்க் மாதிரி அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டிருப்பேன். ஒரு நாள் பாட்டில் மூடி சரியா மாட்டாம 40 மில்லி பைக்குள்ளயே கொட்டிப் போச்சு. லேப்டாப் நனைஞ்சுது. நான் லேப்டாப்பைத் தொடைக்கவே இல்ல.

ஆகஸ்ட் 1 முதல் 7 வரை தாய்ப்பால் வாரம். எங்க ஆபீஸ்ல படிக்கட்டு முழுக்க பலூன் கட்டி, கேக் வெட்டி, "அமுதம் ஊட்டுவோம்"னு போஸ்டர் ஒட்டினாங்க. போஸ்டர் ஒட்டின பசை காயறதுக்குள்ள அதே அறைக்குப் போய் நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். தமிழ்நாட்டுல 2015-லேயே பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டும் அறை திறந்தாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வந்த புத்தி இந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு வரலை.

சட்டம் இல்லாமலும் இல்ல. பிள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பாலூட்ட தினமும் ரெண்டு இடைவேளை உண்டுன்னு 1961 சட்டத்துலயே இருந்துது. ஐம்பது பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாக்கலாம்னு 2017-இல் சேர்த்தாங்க. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புலயும் இதெல்லாம் இருக்கு. எனக்கு யாரும் சொல்லலை. நானா தேடிப் படிச்சேன். எச்.ஆர்.கிட்ட கேட்டப்ப "பாக்கலாம் மேடம்"னாங்க. இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க.

கடைசியில ஒரு நாள் மெடிக்கல் ஷாப்ல பால்பவுடர் டப்பா வாங்கினேன். "தாய்ப்பாலே சிறந்தது"ன்னு டப்பா மேல பெருசா போட்டிருக்கும். 1992-இல் வந்த சட்டம் அது. கம்பெனிகள் விளம்பரம் பண்ணி அம்மாக்களை ஏமாத்தக் கூடாதுன்னு கொண்டு வந்தது, ரொம்ப நல்ல சட்டம். ஆனா அந்த வரியைக் கம்பெனிக்காரன் படிக்கிறதில்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு பவுடர் கலக்குறவதான் படிக்கிறா.

"அப்ப நீ தாய்ப்பாலுக்கு எதிரியா?"ன்னு கேட்க ஒரு கூட்டம் வரும். இல்லைங்க. தாய்ப்பால்தான் உசத்தி. அதனாலதான் கேக்குறேன். அவ்வளவு உசத்தின்னா அதுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்ட அறை, இருபது நிமிஷம், ஒரு ஃப்ரிட்ஜ் கொடுக்க ஏன் மனசு வரலை? எல்லாச் செலவையும் அம்மாவோட மனசுக்கணக்குல எழுதிட்டா ஆபீஸுக்கும் வீட்டுக்கும் சௌகரியம், அவ்வளவுதான்.

பெரியம்மா கதைக்கு வர்றேன். அம்மாகிட்ட சொல்லி அழுதப்ப அம்மா சிரிச்சாங்க. பெரியம்மாவோட மூணாவது பிள்ளைக்கு ரெண்டு மாசத்துலயே பால் நின்னு போச்சாம். அப்பதான் பிரசவமாகியிருந்த சித்தி ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்துக் கொடுத்தாங்களாம். பெரியம்மாவுக்கு அது மறந்தே போச்சு. வீடு நிறையப் பொம்பளைங்க இருந்ததால அது ஒரு குறையாவே தெரியலை. எனக்கு இங்க சித்தி இல்ல, கதவுக்கு முட்டுக் கொடுத்த நாற்காலிதான்.

ரொம்பப் புலம்புறேனோன்னு நினைக்கும்போது எங்க வீட்டு வேலைக்கு வர்ற மாவ்ஷி ஞாபகத்துக்கு வருவாங்க. நான் அழுததைப் பார்த்துட்டு அளீவ் லாடு பிடிச்சுக் கொண்டு வந்தவங்க. ரெண்டாவது பிள்ளை பிறந்து இருபதே நாள்ல பாத்திரம் தேய்க்க வந்தாங்களாம். லீவா? "போகலைன்னா வேற ஆளை வச்சுடுவாங்க தாயி"ன்னு மராத்தியில சொன்னாங்க. என் 26 வாரம் அவங்களுக்கு ஒரு வாரம் கூட இல்ல. அவங்களுக்குப் பால் இருந்துச்சு, பிள்ளைகிட்ட இருக்க நேரம் இல்ல. இதையும் மனசு இல்லைன்னு சொல்வீங்களா?

இப்ப நான் எப்படி இருக்கேன்னா, மில்லியைப் பாக்குறதை நிறுத்திட்டேன். பம்ப்ல வர்றது மொத்தப் பாலோட அளவு இல்ல, பிள்ளை நேரா குடிச்சா பெரும்பாலும் அதை விட அதிகமாவே வரும்னு டாக்டர் சொன்னார். எடை ஏறுதா, நாப்கின் நனையுதா, அதுதான் கணக்கு. பகல்ல பவுடர் பால், கூடவே இப்ப கஞ்சி, பருப்பு சாதம். சாயங்காலமும் ராத்திரியும் என் பால். பாட்டில் கழுவி வெந்நீர்ல போடுறது வீட்டுக்காரர் வேலை, நான் கேக்காமலே. ஒருத்திக்கு ரெண்டு வாரத்துக்கு மேல அழுகை நிக்கலைன்னா, தூக்கம் பிடிக்கலைன்னா, லாடு மட்டும் போதாது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அடுத்த தடவை பிள்ளை பெத்தவளுக்குப் போன் பண்ணினா, "பால் இருக்கா?"ன்னு ஆரம்பிக்காதீங்க. "நீ சாப்ட்டியா, தூங்கினியா?"ன்னு கேளுங்க. மேனேஜரா இருந்தா எதுவும் கேக்க வேண்டாம், ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்க.

டிஸ்கி: பால்சுறா புட்டுக்கும் பூண்டுக் குழம்புக்கும் நான் எதிரி இல்ல. புனேயில நல்ல சுறா கிடைக்கிற இடம் தெரிஞ்சவங்க கண்டிப்பா சொல்லுங்க. பாலுக்காக இல்ல, நாக்கு செத்துப் போச்சு :-)