பள்ளிக்கூடத்தில் சமாதானம்

செப்டம்பர் 21ந் தேதி உலக சமாதான தினமாம். அன்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வெள்ளைப் புறா படம் எழுதுகிறார்கள். உபாத்தியாயர் அன்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுகிறார். இதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் எழுந்து, “சமாதானம் என்றால் என்ன?” என்று கேட்டால் என்ன பதில் சொல்லுவார்கள் என்பதே நமது கேள்வி.

சண்டையில்லாமல் இருப்பதுதான் சமாதானம் என்பார்கள். அப்படியானால் அடிக்கிறவன் அடிக்க, அடிபடுகிறவன் வாய் திறவாமலிருக்கும் வீடும் சமாதானமான வீடுதான்! பண்ணையாள் கைகட்டி நின்ற காலமெல்லாம் கிராமம் அமைதியாகத்தான் இருந்தது. அவன் நிமிர்ந்து “ஏன்?” என்று கேட்ட அன்றுதான், “ஐயோ, ஊர் அமைதி கெட்டுவிட்டதே!” என்ற கூச்சல் கிளம்பிற்று. கெட்டது அமைதியா, ஆதிக்கமா?

2023ம் வருஷம் ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவன் ஒருவனை அவனது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அவன் செய்த குற்றமென்ன? தன்னைத் துன்புறுத்துகிறார்களென்று பள்ளிக்கூடத்தில் முறையிட்டதுதான். அவன் வாய்மூடிக் கிடந்திருந்தால் அந்தப் பள்ளிக்கூடமும் ‘சமாதானமாக’வே இருந்திருக்கும்!

வெட்டிய பிள்ளைகள் அரிவாளோடு பிறந்தவர்களா? இல்லை. நீ உசத்தி, அவன் தாழ்த்தி என்று வீடு சொல்லிக்கொடுத்தது, தெரு சொல்லிக்கொடுத்தது. கையில் கட்டும் கயிற்றின் நிறமே இவன் இன்ன சாதி என்று காட்டிக் கொடுக்கிறது. இத்தனை வாத்தியார்கள் நாள் முழுதும் பாடம் நடத்தும்போது, பள்ளிக்கூடத்து வாத்தியார் வருஷத்தில் ஒரு நாள் புறாவைக் காட்டி என்ன செய்ய முடியும்?

இந்தச் சம்பவத்திற்குப் பிறகு சர்க்கார், ஓய்வுபெற்ற ஜட்ஜ் கே. சந்துரு அவர்களை ஒரு நபர் கமிட்டியாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது, மாணவர்களுக்கு வண்ணக் கயிறும் நெற்றிக் குறியும் கூடாது, பெயரின் எழுத்து வரிசைப்படியே உட்கார வைக்க வேண்டும் என்பவை அதிலுள்ள சில யோசனைகள். உடனே, மதத்தில் கைவைக்கிறார்கள் என்று சிலர் எழும்பினார்கள். பிள்ளைகள் வெட்டுப்பட்டபோது வராத ஆபத்து, கயிற்றை அவிழ்க்கச் சொன்னவுடன் மதத்துக்கு வந்துவிட்டது போலும்!

இது புதிய சங்கதியுமல்ல. இதே ஜில்லாவில்தான் சேரன்மாதேவி குருகுலம் நடந்தது. காங்கிரஸ் நிதியுதவி பெற்று, தேசபக்தியைப் போதிக்கவென்று வைத்த இடம். அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி! 1925ல் தமிழ்நாடு முழுவதும் அதைப் பற்றிக் கிளர்ச்சி நடந்தது. வாய் ஒன்று சொல்லிற்று. பந்தி வேறொன்று சொல்லிற்று. பிள்ளைகள் எதை நம்பியிருப்பார்கள்? பந்தியைத்தான். ஏனென்றால் காதால் கேட்ட பாடம் பரீட்சையோடு போய்விடும். உட்கார்ந்து தின்ற பாடம் சாகும்வரை நிற்கும்.

ஆகவே தோழர்களே! சமாதானமென்பது ஒருவன் அடங்கிக் கிடப்பதல்ல. ஒருவனுக்கொருவன் பயப்பட வேண்டிய அவசியமே இல்லாத நிலைமைதான் சமாதானம். அதைப் பாட்டாகவோ பிரசங்கமாகவோ கற்றுக்கொடுக்க முடியாது. நடத்தையாகத்தான் கற்றுக்கொடுக்க முடியும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? கக்கூசு கழுவ எந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள்? முறையிட்ட பிள்ளைக்கு, “உனக்கு ஏன் வம்பு?” என்ற பதிலா, நியாயமா கிடைக்கிறது? கோளாறு இருந்தால் அங்கேயே கேளுங்கள்.

அதற்கு முன்பு, உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் என்ன கயிறு இருக்கிறதென்று பார்த்து, அதை அவிழ்த்தெறியுங்கள்.